குழுவில் போடாத கடிதங்கள்

கரகண்டா,
அக்டோபர் 6

மதிப்பிற்குரிய கொர்னேலியுஸ் வீபே அவர்களுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ். பவ்லோதரில் நீங்களும் வீட்டாரும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகம். முதல் பனி விழுந்துவிட்டது. ரேடியேட்டர் விற்கிறவனுக்கு அதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்?

என் பெயர் எட்மண்ட் ஷாம்னே. இந்தப் பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. 'பேதுருவின் சாவி' என்றால் தெரியும். ஆமாம், அவன்தான். 'சமவெளிக் கிறிஸ்தவர்கள்' இணையக் குழுவில் மூன்று வருடமாக உங்களோடு மல்லுக்கட்டுகிறவன். 'வேதம் மட்டும்' என்ற பெயரில் எழுதுகிற ஆள் நீங்கள் என்பது போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. சொன்னது என் மகள் அகாதா.

அந்தக் குழுவின் நிர்வாகிகள் இருவரில் ஒருத்தி அவள் என்பதும் அன்றுதான் தெரிந்தது. இன்னொருவர் உங்கள் மகன் தீமோ. நாம் எழுதுவதில் காது கூசுவதை எல்லாம் அழிப்பது அவர்கள் வேலையாம். நான் உங்களை 'முழுக்கு வியாபாரி' என்று எழுதியதை அழித்துவிட்டு, அவள் உங்கள் மகனிடம் மன்னிப்புக் கேட்பாளாம். நீங்கள் எங்கள் ஜெபமாலையை 'மணி உருட்டல்' என்று எழுதியதை அழித்துவிட்டு அவன் இவளிடம் கேட்பானாம். இப்படி மன்னிப்புக் கேட்டுக் கேட்டே இருவரும் கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டார்கள். நம்முடைய மூன்று வருட ஊழியத்துக்குக் கிடைத்த பலன் இது ஒன்றுதான்.

நான் சத்தம் போட்டேன், மறைக்கவில்லை. "அந்த ஆளு வீட்டுக்கா போகப்போற? நம்ம மாதாவப் பத்தி என்னெல்லாம் எழுதினான்னு தெரியுமா?" என்றேன். "தெரியும்ப்பா. நான்தானே அழிச்சேன்," என்றாள்.

அவள் உறுதியாக இருக்கிறாள். உங்கள் மகனும் உறுதிதான். ஆனால், கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டினால் அந்தக் கல்யாணத்தில் என் கால் படாது என்று நீங்கள் சொன்னீர்களாம். அப்பா வராமல் மோதிரம் மாற்ற மாட்டேன் என்கிறானாம் தீமோ. ஆக, இந்தக் கல்யாணம் உங்கள் இரண்டு காலில் நிற்கிறது.

நான் எல்லைக்கு அப்பால் உரும்ச்சிச் சந்தையிலிருந்து மூட்டை சுமந்து தொழில் தொடங்கியவன். கையில் எடுத்துப் பார்க்காத சரக்கை மட்டம் என்று சொன்னதில்லை. ஆனால் உங்கள் பாப்டிஸ்டு ஜெபக்கூடம் ஒன்றுக்குள்ளும் கால் வைக்காமலே உங்களை மூன்று வருடம் மட்டம் தட்டியிருக்கிறேன். நீங்களும் எங்கள் பூசையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு யோசனை சொல்கிறேன். இந்தக் குளிர்காலத்தில் சில ஞாயிறு நான் இங்கே உங்கள் ஆட்களின் கூடத்துக்குப் போகிறேன். நீங்கள் அங்கே எங்கள் கோவிலுக்குப் போங்கள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவோம், காகிதத்தில். குழுவில் எழுதினால் நம் இருவருக்கும் கைதட்ட ஆள் இருக்கிறது, அதுதான் நமக்குப் பிடித்த வியாதி. இங்கே எழுதுவது எதுவும் அங்கே போகக் கூடாது.

என் சரக்கு வண்டி வாராவாரம் பவ்லோதர் வருகிறது. ஓட்டுநர் ஓராஸ் கடிதத்தைக் கையில் தருவார். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், உடம்பு எப்படி, எல்லாம் எழுதுங்கள்.

எட்மண்ட் ஷாம்னே

*

பவ்லோதர்,
அக்டோபர் 30

திரு. ஷாம்னே அவர்களுக்கு,

உங்கள் வீட்டுக்குச் சமாதானம். கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருக்கிறேன். முழங்கால் மட்டும் குளிருக்கு மடங்க மறுக்கிறது. உங்கள் ஆலயத்துக்குப் போக அது வசதியான முழங்கால்தான்.

உங்கள் கடிதத்தை ஓராஸ் மாட்டுத் தொழுவத்துக்கே கொண்டுவந்தார். நான் கால்நடை மருத்துவன். அந்நேரம் என் கை ஒரு பசுவின் வயிற்றுக்குள் இருந்தது. "அவசரமில்ல டாக்டர், கன்னுக்குட்டி முதல்ல வரட்டும்," என்று அவர் காத்திருந்தார். மரியாதை தெரிந்த மனிதர். கடிதம் எழுதியவரைப் பற்றி அப்படி உடனே சொல்ல முடியவில்லை.

நான் எழுதிய எதையும் திரும்பப் பெறவில்லை. வேதத்தில் இல்லாததை வேதத்தில் இல்லை என்றுதான் சொன்னேன். உங்கள் மகளைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. பார்த்ததில்லை. ஆனால் எங்கள் சபையில் நான் பிரசங்கிக்கிறவன். ஞாயிறுதோறும் மேடையில் ஒன்றைச் சொல்லிவிட்டு, வீட்டில் வேறொன்றைச் செய்ய என்னால் ஆகாது.

இருந்தாலும் உங்கள் யோசனை நியாயமாகப் படுகிறது. நோயைப் பார்க்காமல் மருந்து எழுதுகிற மருத்துவனை நானும் மதிப்பதில்லை. போகிறேன். மண்டியிட மாட்டேன், உருவங்களுக்கு முன் நிற்க மாட்டேன், பின்வரிசையில் உட்காருவேன். இதைக் குழுவில் எழுத மாட்டேன். நீங்களும் எழுத மாட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் மனைவி கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டாள். வீட்டில் தீமோ ஒருவன்.

உங்கள் மனைவியின் நலத்தைக் கேட்டதாகச் சொல்லவும்.

கொ. வீபே

*

கரகண்டா,
நவம்பர் 24

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ். உங்கள் முழங்காலுக்கு என் மனைவி ரெகினா ஒட்டகக் கம்பளிப் பட்டை அனுப்பியிருக்கிறாள். அதில் கத்தோலிக்கம் எதுவும் இல்லை, தைரியமாகக் கட்டிக்கொள்ளலாம். ரெகினாவுக்கு இரத்த அழுத்தம். நான் சத்தம் போடாத நாளில் சரியாக இருக்கிறது.

மூன்று ஞாயிறு போய்வந்தேன். பார்த்தபடி எழுதுகிறேன்.

வாசலில் நுழைந்ததும் பழக்கதோஷத்தில் கை தீர்த்தத் தொட்டியைத் தேடியது. தொட்டி இல்லை. கை அதுபாட்டுக்கு நெற்றியில் சிலுவை போட்டுவிட்டது. அங்கே நின்ற அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "வழி தவறி வந்துட்டீங்களா?"

"இல்லக்கா. வேணும்னேதான் வந்தேன்."

"அப்ப முன்னாடி போய் உக்காருங்க. பின்னாடி காத்து அடிக்கும்."

சுவரைப் பார்த்தேன். வாடகைக்கு விடப்போகிற வீடு மாதிரி வெறிச்சென்று இருக்கிறது. கோபிக்க வேண்டாம். ஆனால் பாட்டு! டாக்டர், உங்கள் ஆட்கள் ஆளுக்கொரு குரலில் பிரித்துப் பாடுகிறார்கள். எங்கள் கோவிலில் நாலு கிழவிகள் பாட, மற்றவர்கள் வாயசைக்கிறோம். இது உங்களுக்கு ஒரு வெற்றி, எழுதிக்கொள்ளுங்கள்.

பிரசங்கம் மூன்று. முதலாவது நன்றாக இருந்தது. இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவது ஆள் புத்தகத்தோடு எழுந்தபோது, கடையை யார் திறப்பது என்ற கவலை வந்துவிட்டது.

பிறகு அந்த ஜெப நேரம். ஒவ்வொருவராக எழுந்து வாய்விட்டுச் சொல்கிறார்கள். ஒரு பெண்மணி, "ஆண்டவரே, என் மருமககிட்ட என் நாக்கு நிக்க மாட்டேங்குது, அத நீரே பிடிச்சு வையும்," என்றாள், மருமகள் பக்கத்திலேயே இருக்க. எங்களில் இதைத் திரைக்குப் பின்னால் சாமியாரிடம்தான் சொல்வோம். நீங்கள் பட்டப்பகலில் ஊர் நடுவே சொல்கிறீர்கள். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை.

மூன்றாம் வாரம் சளியோடு போனேன். மறுநாள் அங்கே பார்த்த ஒரு சகோதரர் கடைக்கு வந்தார். வாடிக்கையாளர் என்று நினைத்து நான் பம்ப் விலையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். தேன் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, "நேத்து ரொம்ப இருமினீங்க," என்று சொல்லிப் போய்விட்டார். முப்பது வருடமாக நான் போகிற கோவிலில் யாரும் என் இருமலை எண்ணியதில்லை.

இனி ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. 'வீட்டில் தீமோ ஒருவன்' என்று எழுதினீர்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். மூத்தவர் எர்வின் வீட்டில் இல்லை, எகிபாஸ்துஸில் இருக்கிறார். அவர் ஒரு போலந்துக் கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டியதிலிருந்து நீங்கள் அவரோடு பேசுவதில்லை என்று அகாதா சொன்னாள். பவ்லோதரிலிருந்து எகிபாஸ்துஸ் இரண்டு மணி நேரப் பாதைகூட இல்லை. அண்ணனுக்குச் சாத்திய கதவு தனக்கும் சாத்தப்படும் என்றுதான் தீமோ பயப்படுகிறான். நீங்கள் குழுவில் இத்தனை வருடம் உண்மையில் யாரோடு வாதாடிக்கொண்டிருந்தீர்கள் என்று இப்போது யோசிக்கிறேன்.

கோபம் வந்தால் கோபத்தோடு எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

எட்மண்ட் ஷாம்னே

*

பவ்லோதர்,
ஜனவரி 14

திரு. ஷாம்னே அவர்களுக்கு,

உங்கள் வீட்டுக்குச் சமாதானம். தாமதத்துக்குக் காரணம் குளிர். இரண்டு பண்ணைகளில் கன்றுகளுக்கு நுரையீரல் நோய் கண்டது. கம்பளிப் பட்டைக்கு உங்கள் மனைவிக்கு நன்றி, முழங்கால் தேவலை.

உங்கள் ஆலயத்தைப் பற்றி. பிரசங்கம் சுருக்கம். சுருக்கம் என்பது புகழ்ச்சி அல்ல. அதற்குள் ஆட்டைக்கூடச் சரியாகப் பரிசோதிக்க முடியாது. மெழுகுவர்த்திகள் தேவைக்கு அதிகம். ஆனால் வேதவாசிப்பு நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், சுவிசேஷம், எல்லாம் ஒரே ஆராதனையில் வாசித்தார்கள். நீங்கள் வேதத்தையே தொடுவதில்லை என்று எழுதியிருந்தேன். அது பிழை. மற்றவை அப்படியே நிற்கின்றன.

மண்டியிடுகிற இடங்களில் நான் மண்டியிடவில்லை. அதை யாரும் பொருட்படுத்தவுமில்லை. அது ஏனோ எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், மறைத்தால் பொய்யாகும். இரண்டாம் முறை சீக்கிரமாகப் போய்விட்டேன். சுவரோரம் ஒரு பெஞ்சில் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். வெளியாட்களுக்கான இடம் என்று நினைத்து ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர்கள் நகர, நானும் நகர்ந்தேன். திடீரென்று பக்கத்திலிருந்த அம்மா என் விலாவில் இடித்து, "உங்க முறை, போங்க போங்க," என்றார். எதிரே ஒரு மர அறை. எழுந்து உள்ளே போய்விட்டேன்.

உங்கள் பாதிரியார் திரைக்கு அந்தப்பக்கம் இருந்தார். "நான் கத்தோலிக்கன் இல்லைங்க, தப்பா வந்துட்டேன்," என்றேன்.

"தெரியுது. எப்படி உக்காரதுன்னு தெரியாம முட்டிக்கிறீங்க," என்றார். "பரவால்ல, இருங்க. வெளிய குளிரு."

அதற்குமேல் எழுதப் போவதில்லை.

இங்கே பனி அதிகம். ஓராஸைப் பார்த்து ஓட்டச் சொல்லவும்.

கொ. வீபே

*

கரகண்டா,
ஜனவரி 21

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ். கன்றுகள் பிழைத்தனவா? நாங்கள் சுகம்.

உள்ளதைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில், சூப் கிண்டிக்கொண்டிருந்த ரெகினா கரண்டியோடு ஓடி வந்தாள். எங்கள் திருச்சபை தோன்றிய நாளிலிருந்து இப்படி ஒரு சரக்கு எவன் கையிலும் சிக்கியதில்லை. 'வேதம் மட்டும்' பாவத்தை ஒப்புக்கொள்ளும் மர அறைக்குள், பாவசங்கீர்த்தனத் தொட்டியில்! போனைக் கையில் எடுத்துத் தலைப்பைக்கூட எழுதிவிட்டேன். அனுப்ப ஒரு விரல் போதும்.

பிறகு கடைசிப் பத்தியைத் திரும்பப் படித்தேன். 'அதற்குமேல் எழுதப் போவதில்லை.' சிரிப்பு நின்றுவிட்டது. தப்பாக வந்த ஆள் உடனே வெளியே வந்திருந்தால், அதற்குமேல் எழுத என்ன இருக்கப் போகிறது? எழுதியதை அழித்தேன். மூன்று வருடத்தில் என் மகளுக்கு வேலை வைக்காமல் நானே அழித்தது அது ஒன்றுதான்.

அங்கே சொன்னதைச் சாமியார் யாரிடமும் சொல்ல மாட்டார், அவர் தலையே போனாலும். நானும் கேட்க மாட்டேன்.

எட்மண்ட்

*

பவ்லோதர்,
பிப்ரவரி 12

திரு. ஷாம்னே அவர்களுக்கு,

நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் படம் நேற்றுக் காலை குழுவில் வந்துவிட்டது. 'பாப்டிஸ்டுப் பிரசங்கியார் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில்' என்று எழுதியிருக்கிறது. ஊர், பெயர், எல்லாம் சரியாக இருக்கிறது. தீமோ அழிப்பதற்குள் எங்கள் சபையில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். மூப்பர்கள் அங்கத்தினர் கூட்டம் கூட்டுகிறார்கள்.

நான் அதை எழுதியது உங்களுக்கு மட்டும்.

கடிதங்கள் இத்துடன் போதும். கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று தீமோவிடமும் சொல்லிவிட்டேன்.

கொ. வீபே

*

கரகண்டா,
பிப்ரவரி 19

டாக்டர் அவர்களுக்கு,

படிக்காமல் கிழித்துவிடாதீர்கள். கிழித்துவிட்டால் ஒட்டிப் படியுங்கள்.

நான் செய்யவில்லை. இதை நம்பச் சொல்லி உங்களைக் கேட்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

படத்தைப் போட்டது எங்கள் தரப்புப் பையன் ஒருவன், ரோமன் என்று பெயர், உங்கள் ஊர்க் கோவிலுக்கு வருகிறவன். உங்களை ஏதோ இணையக் கூட்டத்தில் பார்த்து முகம் தெரிந்துவைத்திருக்கிறான். நம்பரைத் தேடிப் பிடித்து, 'பேதுருவின் சாவி' பேசுகிறேன் என்று கூப்பிட்டேன்.

"அண்ணே! பாத்தீங்களா? நம்ம ஜெயிச்சிட்டோம்ணே!" என்றான்.

"என்னத்தடா ஜெயிச்ச? தொட்டிக்கு முன்னாடி உக்காந்திருக்கற மனுசனப் படம் எடுத்திருக்க. நாளைக்கு உன்ன எவனாவது அப்படி எடுத்தா சும்மா விடுவியா?"

"அவரு எதிரிண்ணே. நீங்கதானே சொல்லிக்கிட்டே இருப்பீங்க?"

"எதிரி இல்லடா. சம்பந்தி."

அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவன் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்றான். எழுதியும்விட்டான். ஆனால் அந்தப் பையனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது யார்? மூன்று வருடமாக நான்தான். சரக்கில் பழுது இருந்தால் செய்தவன் பொறுப்பு.

அதனால் நான் இன்னொன்று செய்தேன். 'பேதுருவின் சாவி' நான்தான் என்று என் சொந்தப் பெயரையும் கடைப் பெயரையும் குழுவில் போட்டேன். உங்களை அந்தக் கோவிலுக்கு அனுப்பியது நான், போட்டியாக நானும் உங்கள் கூடத்துக்குப் போனேன் என்று எழுதி, ஜெபக்கூடத்தில் நான் எழுந்து நின்று பாடும் படத்தையும் போட்டேன். தேன் கொடுத்த சகோதரரிடம் கேட்டு வாங்கியது. அங்கே பாடல் எங்களைவிட நன்றாக இருக்கிறது என்றும் சேர்த்தேன்.

அப்புறம் எங்கள் ஆட்கள் என்னைத் துவைத்துக் காயப்போட்டார்கள். 'யூதாஸ்', 'விலைபோனவன்', இன்னும் அகாதா அழித்தவை. பழைய வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கே வந்து, "எட்மண்ட், நீயும் முழுக்கு எடுத்துட்டியாமே, தண்ணி சூடா இருந்துச்சா?" என்றார். "நம்ம பாய்லர்தான் வச்சிருக்காங்க, நல்லா சூடு," என்றேன். எங்கள் சாமியார் மட்டும் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்து, "பாட்டு அவ்வளவு நல்லாவா இருக்கு?" என்று கேட்டார்.

கூட்டத்தில் உங்களுக்கு என்ன ஆகுமோ என்று கவலையாக இருக்கிறது. கல்யாணத்தைப் பற்றி இப்போது எதுவும் கேட்கவில்லை.

எட்மண்ட்

*

கரகண்டா,
மார்ச் 20

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ். முழங்கால் எப்படி? நாங்கள் சுகம். பனி உருகித் தெருவெல்லாம் சேறு.

பதில் வரவில்லை. ஓராஸிடம் விசாரித்தேன். "கடுதாசிய வாங்கிக்கிட்டாரு முதலாளி. திருப்பித் தரல, கிழிக்கவும் இல்ல. பைக்குள்ள வச்சாரு. அப்புறம் டீ குடுத்தாரு," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே புத்தகத்துக்குத்தானே சண்டை போடுறீங்க? வேற வேற புத்தகம்னாக்கூடப் புரியும்," என்றார்.

அகாதா அழவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே, நிஜமாக வலித்தால் அழ மாட்டாள்.

பாஸ்கா உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள்.

எட்மண்ட்

*

பவ்லோதர்,
ஏப்ரல் 18

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் வீட்டுக்குச் சமாதானம். உயிர்த்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

முதலில் இது: நான் உங்கள்மேல் பொய்க் குற்றம் சுமத்தினேன். மன்னியுங்கள். உங்கள் படத்தைத் தீமோ காட்டினான். வாயை இவ்வளவு பெரிதாகத் திறந்து யாரும் எங்கள் கூடத்தில் பாடியதில்லை.

கூட்டம் நடந்தது. மூப்பர் என் நண்பர். எனக்கு வழி திறந்துவிடப் பார்த்தார். "சகோதரரே, தவறுதலா உக்காந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. முடிஞ்சுது," என்றார். அது உண்மையும்கூட. சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

"உக்காந்தது தவறுதலாத்தான்," என்றேன். "எந்திரிச்சு வராம இருந்தது தவறுதலா இல்ல."

சுசன்னா என்று ஒரு சகோதரி, என் மனைவியின் தோழி, எழுந்தார். "அந்த ஆளுகிட்ட என்ன பேசினீங்க?"

"எர்வினப் பத்தி."

"அத எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே? நாங்க இல்லையா?"

"சொல்லியிருந்தா, நீங்க சரியாத்தான் செஞ்சீங்கன்னு எல்லாரும் சொல்லியிருப்பீங்க. அத மறுபடி கேக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு உட்கார்ந்தபடியே அழுதார். எர்வினுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

அறுவடை ஆராதனை வரைக்கும் நான் பிரசங்கிக்கக் கூடாது என்று தீர்மானம். நியாயமானதுதான். மாடுகளுக்கு என்மேல் குறை ஒன்றும் இல்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை எகிபாஸ்துஸ் போனேன். கதவைத் திறந்தது மருமகள். என்னைப் படத்தில்தான் பார்த்திருப்பாள். "உள்ள வாங்க மாமா. ஷூவ அங்கயே கழட்டுங்க, இப்பதான் துடைச்சேன்," என்றாள். எர்வின் வேலையிலிருந்து வரும்வரை இருந்தேன். தம்பி கல்யாணத்துக்கு வா என்றேன். "பாக்கலாம்பா," என்றான்.

ஆம், நான் வருகிறேன். தீமோவிடம் சொன்னேன். பையன் தொழுவத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

இதனால், செத்தவர்கள் பாவம் கழிக்கிற உங்கள் உத்தரிக்கிற ஸ்தலம் உண்மையாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். வாதத்தை நீங்கள் எங்கே விட்டீர்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

உங்கள் சம்பந்தி
கொர்னேலியுஸ்

*

கரகண்டா,
மே 3

அன்புள்ள சம்பந்தி,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ். உங்கள் கடிதத்தை ரெகினா முதலில் படித்துவிட்டாள். இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது என்கிறாள். உங்கள் முழங்கால் எப்படி என்று அவளே கேட்கச் சொன்னாள்.

கலப்புக் கல்யாணத்துக்கு எங்கள் ஆயரின் அனுமதி வந்துவிட்டது. ஜூன் இரண்டாவது சனிக்கிழமை எங்கள் கோவிலில். அகாதாவுக்கு மறுபடி முழுக்கு வேண்டும் என்று நீங்கள் கேட்காததற்கு நன்றி. உங்கள் மகனின் முழுக்கை எங்கள் திருச்சபை செல்லும் என்று ஏற்கிறது, எங்கள் பிள்ளைகளுக்குத் தலையில் தெளிக்கும் ஞானஸ்நானத்தை நீங்கள் ஏற்பதில்லை. எவன் கை தாராளம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சரி, விடுகிறேன்.

விருந்துக்கு முன்னால் பெற்றோர் ஜெபம் உண்டல்லவா, அதை நீங்கள் செய்ய வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. எங்கள் சாமியாரிடம் கேட்டேன். "தாராளமா செய்யட்டும், மேடைதான் இல்லாம இருக்காரே," என்றார். சூப் ஆறுவதற்குள் முடியுங்கள். உங்கள் பாடகர் கூட்டத்தையும் கூட்டிவாருங்கள். அது என் ஆசை.

மேசை போட வேண்டும். உங்கள் பக்கம் எத்தனை பேர் என்று எழுதுங்கள்.

எட்மண்ட்

*

பவ்லோதர்,
மே 22

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் வீட்டுக்குச் சமாதானம். சுகம். பாடகர்கள் வருகிறார்கள். சுசன்னா சகோதரி, 'பாட மட்டும்தான் வருவேன், மண்டியிட மாட்டேன்' என்று சொல்லச் சொன்னார்.

முன்பு சொல்லி அனுப்பிய எண்ணிக்கையோடு எங்கள் பக்கம் இன்னும் மூன்று நாற்காலி போடுங்கள். நேற்று மாலை எகிபாஸ்துஸிலிருந்து போன் வந்தது. மூவரில் ஒருத்திக்கு மேசை எட்டாது.

கொர்னேலியுஸ்

*

கரகண்டா,
மே 29

அன்புள்ள சம்பந்தி,

மூன்று நாற்காலியும் போட்டாயிற்று. ஒருத்திக்கு உயரமான நாற்காலி சொல்லியிருக்கிறேன். வேறு எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு இருக்கைக்கும் அகாதா பெயர்ச் சீட்டு எழுதுகிறாள். உங்கள் பேத்தியின் பெயர் என்ன?

எட்மண்ட்

*

பவ்லோதர்,
ஜூன் 4

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் வீட்டுக்குச் சமாதானம்.

மரியா என்று எழுதச் சொல்லுங்கள். நீங்கள் சத்தமாகச் சிரித்து முடித்த பிறகு சொன்னால் போதும்.

உயரமான நாற்காலி வேண்டாம். என் மடியில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

கொர்னேலியுஸ்